ஓய்வுக்குப் பிறகும் புதுப்பிக்கும் தொழில் பதிவு: வரியில் கழிக்க முடியுமா?

மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட், ஆசிரியர்... 60 வயதுக்குப் பிறகு பதிவுக்கும் பயிற்சிக்கும் செலவாகும் பணத்தை வருமான வரிச் சட்டம் எங்கே ஏற்கிறது, எங்கே ஏற்க மறுக்கிறது? முழு விளக்கம்.

அரசு ஊழியர் ஒருவர் தமிழகத்தில் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். அலுவலகம் முடிந்துவிடுகிறது. ஆனால், அவர் மருத்துவராகவோ செவிலியராகவோ மருந்தாளுநராகவோ இருந்தால், அவருடைய தொழில் கவுன்சிலுக்கு அவர் ஓய்வு பெற்ற சங்கதி பொருட்டல்ல. பதிவு உயிரோடு இருக்க வேண்டுமானால் கட்டணம் கட்ட வேண்டும். சில துறைகளில் தொடர் பயிற்சிக்கும் போயாக வேண்டும். 2002-ம் ஆண்டின் மருத்துவ நடத்தை நெறிமுறைகள், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வியை எதிர்பார்க்கின்றன. தொழில் நடத்தும் சான்று வைத்திருக்கும் 60 வயதுக்குட்பட்ட பட்டயக் கணக்காளர் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம் பயில வேண்டும். அந்த வயதைத் தாண்டியவர்களுக்குத் தளர்வு உண்டே தவிர, சான்றைக் கையில் வைத்திருக்கும்வரை முழு விலக்கு இல்லை.

பதிவுக் கட்டணம், கருத்தரங்குக் கட்டணம், அதற்கான பயணம், புத்தகம், ஆன்லைன் வகுப்பு என எல்லாம் சேர்ந்தால் பென்ஷனில் வாழ்பவருக்குச் சின்னத் தொகை அல்ல. ஆகவே, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள் வந்தால் ஆடிட்டர் அலுவலகங்களில் ஓய்வுபெற்றவர்கள் கேட்கும் கேள்வி இது: “இந்தச் செலவை என் வருமானத்திலிருந்து கழிக்கலாமா?”

பதில், செலவைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. வருமானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஒரே பதிவுக் கட்டணம் ஒருவருக்கு முழுமையாகக் கழியும். அவருடன் ஒரே நாளில் ஓய்வு பெற்ற நண்பருக்கு ஒரு ரூபாய்கூடக் கழியாது. இரண்டுமே சட்டப்படி சரிதான். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் வீண் நோட்டீஸையும் தவிர்க்கலாம், உரிமையையும் இழக்காமல் இருக்கலாம்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு வரி வருகிறதா?

செலவைக் கழிப்பதைப் பற்றி யோசிக்கும் முன், கழிக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில், வரிக்கு உட்படும் வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் பிரிவு 87ஏ தரும் தள்ளுபடியால் வரி பூஜ்யம். பென்ஷன்தாரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய் தனி. ஆக, பென்ஷன் மட்டுமே வருமானம் என்றால் ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. மூலதன ஆதாயம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

இந்த வரம்புக்குள் இருப்பவர்கள் பதிவுக் கட்டண ரசீதுடன் அலைய வேண்டியதே இல்லை. கழித்தாலும் கழிக்காவிட்டாலும் வரி பூஜ்யம்தான். பென்ஷனுடன் வங்கி வட்டி, வாடகை, தொழில் வருமானம் ஆகியவை சேர்ந்து இந்த எல்லையைத் தாண்டுபவர்களுக்கும், பழைய வரி முறையில் தொடர்பவர்களுக்கும்தான் இனி வரும் விஷயங்கள் பணமாக மாறும்.

பென்ஷனில் கழியாது

வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் பென்ஷன் என்பது சம்பளம். சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்று பிரிவு 16 ஒரு குறுகிய பட்டியல் தருகிறது: நிலையான கழிவு, அரசு ஊழியர்களுக்கான ஒரு சிறு கேளிக்கைப் படி, தொழில் வரி. கடைசி இரண்டும் பழைய வரி முறையில் மட்டும். அந்தப் பட்டியலில் கவுன்சில் பதிவும் இல்லை, பயிற்சிக் கட்டணமும் இல்லை.

எனவே பென்ஷன் மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு எந்தத் தொழிலும் செய்யாமல், பதிவை மட்டும் புதுப்பித்துவரும் ஓய்வுபெற்ற மருத்துவர் அந்தச் செலவைக் கழிக்க வழியில்லை. ‘இந்தத் தொழிலால்தானே எனக்குப் பென்ஷன் வருகிறது’ என்ற வாதம் நியாயமாகத் தோன்றலாம். ஆனால், பென்ஷன் கடந்த காலப் பணிக்கான பலன். பதிவைப் புதுப்பிக்காவிட்டாலும் அது மாதாமாதம் வரும். இரண்டுக்கும் நடுவே சட்டம் எதிர்பார்க்கும் தொடர்பு இல்லை.

சிலர் இங்கே ஒரு குறுக்கு வழியை யோசிப்பார்கள். ‘தொழில் வருமானம் பூஜ்யம், பதிவும் பயிற்சியும் சேர்த்து 60,000 ரூபாய் செலவு, ஆக 60,000 ரூபாய் நஷ்டம், அதைப் பென்ஷனில் கழித்துவிடலாம்’ என்பது அந்த யோசனை. இது செல்லாது. தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்துக்கு எதிராக ஈடுகட்டக் கூடாது என்று பிரிவு 71(2ஏ) நேரடியாகவே தடுக்கிறது. உண்மையான தொழில் நஷ்டம் என்றால் வங்கி வட்டி போன்ற பிற வருமானத்தில் ஈடுகட்டலாம். மீதியை, ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால், எட்டு ஆண்டுகள் வரை அடுத்தடுத்த ஆண்டுகளின் தொழில் லாபத்துக்கு எதிராக எடுத்துச் செல்லலாம். ஆனால், ‘உண்மையான தொழில்’ நடந்திருக்க வேண்டும். பெயர்ப் பலகையும் இல்லாமல், ஆலோசனை கேட்டு ஒருவரும் வராமல், கட்டணம் வசூலிக்கும் எண்ணமும் இல்லாமல் பதிவை மட்டும் வைத்திருப்பது தொழில் ஆகாது.

தொழில் நடந்தால் கழியும்

ஓய்வுக்குப் பிறகு சொந்த கிளினிக், சட்ட ஆலோசனை, கட்டட வரைபடம், கணக்குத் தணிக்கை என்று ஏதாவது ஒன்றைக் கட்டணம் பெற்றுச் செய்தால் கதை மாறுகிறது. அந்த வருமானம் ‘தொழில் மற்றும் வணிக வருமானம்’ என்ற தலைப்பில் வரும். அங்கே பிரிவு 37(1) இருக்கிறது. செலவு முழுக்க முழுக்க அந்தத் தொழிலுக்காக மட்டுமே செய்யப்பட்டிருக்க வேண்டும். சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இருக்கக் கூடாது. இவ்வளவே அது கேட்பது.

பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் இந்த அளவுகோலில் எளிதில் தேறிவிடும். அது இல்லாமல் தொழிலே நடத்த முடியாது. கவுன்சில் கட்டாயமாக்கும் தொடர் பயிற்சியும் அப்படியே. சங்கச் சந்தா, தொழில் இதழ்களின் சந்தா, தொழிற்பொறுப்புக் காப்பீட்டு பிரீமியம், உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், தான் கட்டிய கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தே செலவாகக் காட்டலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை அந்தப் பதிவு பொதுவாகத் தேவையில்லை.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்தியாக வேண்டும். ‘புதிய வரி முறையில் எந்தக் கழிவும் கிடையாது’ என்று பலர் நம்புகிறார்கள். புதிய முறை பறித்துக்கொண்டது 80சி, 80டி போன்ற சேமிப்பு, காப்பீட்டுக் கழிவுகளைத்தான். தொழில் செலவுகள் வேறு வகை. அவற்றைக் கழித்த பிறகுதான் ‘வருமானம்’ என்பதே பிறக்கிறது. எனவே இரண்டு முறைகளிலும் அவை கழியும்.

50 சதவிகிதத் திட்டம்: வசதியும் அதன் விலையும்

சிறு அளவில் தொழில் செய்யும் ஓய்வுபெற்றவர்களில் பலருக்கு ஏற்றது பிரிவு 44ஏ.டி.ஏ. என்ற உத்தேச வருமானத் திட்டம். மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவையும் அரசு அறிவித்த சில தொழில்களும் இதில் அடங்கும். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; ரொக்க வரவு 5 சதவிகிதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. மொத்த வரவில் பாதியை, அல்லது அதைவிடக் கூடுதலாக ஈட்டியதாக நீங்களே சொல்லும் தொகையை, வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம்.

மீதிப் பாதி, எல்லாச் செலவுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பதிவுக் கட்டணமும் பயிற்சிச் செலவும் அதற்குள் அடக்கம். ‘50 சதவிகிதம் காட்டிவிட்டேன், பதிவுக் கட்டணத்தைத் தனியாகக் கழிக்கிறேன்’ என்பது முடியாது. செலவு உண்மையிலேயே பாதிக்கு மேல் போகிறது, லாபத்தைக் குறைத்துத்தான் காட்டுவேன் என்றால், மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டும் பட்சத்தில் கணக்கும் வைக்க வேண்டும், தணிக்கையும் செய்ய வேண்டும். வரவு ஒன்றிரண்டு லட்சம் மட்டும் உள்ளவருக்குத் தணிக்கைக் கட்டணமே மிச்சப்படும் வரியை விழுங்கிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவருக்கு ஆண்டு பென்ஷன் 9 லட்சம். தனியார் மருத்துவமனை ஒன்றில் வாரம் சில நாள்கள் ஆலோசனை பார்த்து ஆண்டுக்கு 5 லட்சம் பெறுகிறார்.

அந்த 5 லட்சம் தொழில் கட்டணமாக வந்தால்: பென்ஷனில் 75,000 கழித்து 8,25,000, ஆலோசனை வரவில் பாதி 2,50,000, மொத்தம் 10,75,000. புதிய முறையில் வரி பூஜ்யம். மருத்துவமனை பிடித்துக்கொண்ட 10 சதவிகித டி.டி.எஸ். 50,000 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பிவரும்.

அதே 5 லட்சம் சம்பளமாக வந்தால்: பென்ஷனும் சம்பளமும் சேர்ந்து 14 லட்சம். நிலையான கழிவு இரண்டுக்கும் சேர்த்து ஒருமுறைதான். மீதி 13,25,000. வரி 78,750, செஸ் சேர்த்து 81,900 ரூபாய்.

ஒரே மருத்துவர், ஒரே பணம். வித்தியாசம் 81,900 ரூபாய்!

ஃபார்ம் 16-ஆ, 16ஏ-வா?

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும், ‘எனக்குத் தொழில் கட்டணமாகவே கொடுங்கள்’ என்று மருத்துவமனையிடமோ கல்லூரியிடமோ கேட்கத் தோன்றும். கேட்டு வாங்கும் பெயர் மட்டும் போதாது. உண்மை நிலை அதற்குப் பொருந்த வேண்டும். நேரம் குறித்து வர வேண்டுமா, விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டுமா, பி.எஃப். பிடிக்கிறார்களா, வேறு இடத்தில் வேலை செய்யத் தடையா, மேலதிகாரியின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவரா? இவற்றுக்கெல்லாம் ‘ஆம்’ என்றால் அது வேலை, வருவது சம்பளம். நிறுவனம் ஃபார்ம் 16 தரும். தன் பொறுப்பில், தன் திறமையை நம்பி, நோயாளிக்கு இவ்வளவு என்ற கணக்கில் பெறுவது தொழில் கட்டணம். பிரிவு 194ஜே-யின்கீழ் 10 சதவிகிதம் பிடித்து ஃபார்ம் 16ஏ தருவார்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரையிலான தொகைக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு தனியார் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியராகச் சேர்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளக்காரர்கள்தான். அவர்கள் சொந்தச் செலவில் போகும் கருத்தரங்கு, வாங்கும் புத்தகம் எதுவும் கழியாது. அவர்களுக்கு நடைமுறை வழி ஒன்றுதான்: வேலையில் சேரும்போதே பதிவு, பயிற்சிச் செலவுகளை நிறுவனமே ஏற்கும்படி பேசி, நியமன ஆணையில் எழுதி வாங்கிவிடுவது.

பட்டியலில் இல்லாத தொழில்கள்

44ஏ.டி.ஏ. பட்டியலில் ஆசிரியர் தொழில் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வீட்டில் டியூஷன் எடுத்தால், பாதியை வருமானமாகக் காட்டும் சலுகையை இந்தப் பிரிவில் கேட்க முடியாது. வரவு செலவை எழுதிவைத்து, மீதியைக் காட்ட வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு. புதிய பாடத்திட்டத்துக்காக அவர் சேரும் பயிற்சி வகுப்பு, வாங்கும் நூல்கள் எல்லாம் பெயர் சொல்லிக் கழியும். பாடம் நடத்த வாங்கும் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவிகிதம் தேய்மானமும் உண்டு.

பரஸ்பர நிதி விநியோகஸ்தர்களாகவும் காப்பீட்டு முகவர்களாகவும் மாறும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பரஸ்பர நிதி விநியோகஸ்தர் என்.ஐ.எஸ்.எம். தேர்வில் தேறி, ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். எண் பெற வேண்டும். அந்தச் சான்றின் ஆயுள் மூன்று ஆண்டுகள். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். இவர்கள் பெறுவது கமிஷன். கமிஷன் வருமானத்துக்கு உத்தேச வருமானத் திட்டம் பொருந்தாது. எனவே உண்மைக் கணக்குதான். புதுப்பிப்புத் தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் பயணச் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம்.

விடைத்தாள் திருத்துவது, வினாத்தாள் தயாரிப்பது போன்ற அவ்வப்போதைய வேலைகளுக்கு வரும் மதிப்பூதியத்தைப் பலர் ‘பிற வருமானம்’ என்று காட்டுகிறார்கள். அங்கேயும் கதவு முழுதாக மூடவில்லை. அந்த வருமானத்தை ஈட்டுவதற்காக மட்டுமே செய்த செலவைப் பிரிவு 57(iii) அனுமதிக்கிறது. அந்தச் செலவால் வருமானம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை, ஈட்டும் நோக்கம் இருந்தால் போதும் என்று ராஜேந்திர பிரசாத் மூடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் தீர்ப்பளித்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு டிவிடெண்ட் வராத வழக்கு அது. ஆனால், செலவின் நோக்கத்தைக் காட்டும் கடமையிலிருந்து அந்தத் தீர்ப்பு யாரையும் விடுவிக்கவில்லை.

படிப்புச் செலவு: கூர்மையாக்குவதா, புதிதாகத் தொடங்குவதா?

பதிவுக் கட்டணத்தைவிடப் படிப்புச் செலவில்தான் குழப்பம் அதிகம். ஏற்கெனவே நடத்தும் தொழிலில் அறிவைப் புதுப்பிக்கும் படிப்புக்குச் சிக்கல் இல்லை. கண் மருத்துவர் புதிய லேசர் முறையைக் கற்பது, வரி ஆலோசகர் ஜி.எஸ்.டி. வகுப்புக்குப் போவது, கட்டமைப்புப் பொறியாளர் நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்பில் குறுகிய காலப் பயிற்சி பெறுவது எல்லாம் நடந்துகொண்டிருக்கும் தொழிலின் செலவுகள்.

புதிய தொழிலுக்குள் நுழைய வாங்கும் பட்டம் அப்படி அல்ல. தமிழகத்தில் ஓய்வுக்குப் பிறகு சட்டம் படிக்கும் ஆர்வம் நீண்ட நாளாகவே உண்டு. 45 வயதைத் தாண்டியவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்ற பார் கவுன்சில் விதியை உச்ச நீதிமன்றம் 1995-ல் ரத்து செய்தது. அதனால்தான் இன்று 60 வயதிலும் கறுப்பு அங்கி சாத்தியமாகிறது. பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டு சட்டப் படிப்புக்கான கட்டணம் தொழில் தொடங்குவதற்கு முந்தைய செலவு. தொழிலே இல்லாத காலத்தில் தொழில் செலவு இருக்க முடியாது. எனவே அது கழியாது. பதிவு செய்து, வழக்கு நடத்தத் தொடங்கிய பிறகு வாங்கும் சட்ட நூல்களும் போகும் பயிற்சிகளும்தான் கழியும். ஓய்வுபெற்ற மருத்துவர் சட்டம் படித்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே வழக்கறிஞராகவும் பதிவு செய்ய முடியாது என்று ஹனிராஜ் சுலானி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படிப்புக்காக வங்கியில் கடன் வாங்கியவருக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. பிரிவு 80இ, உயர்கல்விக் கடனுக்கான வட்டியை எட்டு ஆண்டுகள் வரை கழிக்க அனுமதிக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தன் படிப்புக்கும் உண்டு, வாழ்க்கைத் துணையின் படிப்புக்கும் உண்டு. வயது வரம்பு இல்லை. ஆனால், பழைய வரி முறையில் மட்டுமே. 80சி-யில் வரும் கல்விக் கட்டணம் பிள்ளைகள் இருவருக்கு மட்டுமானது. சொந்தக் கல்லூரிக் கட்டணத்தை அங்கே காட்ட முடியாது.

பலர் சறுக்கும் நான்கு இடங்கள்

முன்கூட்டிய வரி: 60 வயது நிறைந்தவருக்குத் தொழில் வருமானம் இல்லாவிட்டால் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை. சிறிதளவு தொழில் வருமானம் வந்தாலும் இந்தச் சலுகை போய்விடும். டி.டி.எஸ். போக ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டியே கட்ட வேண்டும். 44ஏ.டி.ஏ.யில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

வரி முறைத் தேர்வு: பென்ஷன் மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் பழைய முறையா, புதிய முறையா என்று மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐ.இ.ஏ. படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அங்கிருந்து புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

ரொக்கம்: ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழியாது. பயிற்சிக் கட்டணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கட்டுங்கள்.

கலப்புச் செலவு: கருத்தரங்குக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்வது இயல்பு. அவருடைய டிக்கெட்டும், கருத்தரங்கு முடிந்த பிறகு தங்கிச் சுற்றிப் பார்த்த நாள்களின் செலவும் சொந்தச் செலவுகள். மருந்து நிறுவனம் பயணத்தை ஏற்றுக்கொண்டால் அது உங்கள் செலவே அல்ல. 20,000 ரூபாயைத் தாண்டும் அத்தகைய பலனுக்கு 2022 ஜூலை முதல் பிரிவு 194ஆர்-ன்கீழ் வரிப் பிடித்தமும் உண்டு.

இத்துடன் ஒரு சிறு பழக்கம் போதும். கட்டண ரசீது, பயிற்சிச் சான்று, எந்தத் தொழிலுக்காக என்று ஒரு வரிக் குறிப்பு. மூன்றையும் சேர்த்து வையுங்கள். உடல்நலக் குறைவால் சில மாதங்கள் கிளினிக் மூடியிருந்தாலும், திரும்பத் திறக்கும் எண்ணமும் அதற்கான அடையாளமும் இருந்தால் தொழில் முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. தற்காலிக மந்தம் வேறு, தொழிலை மூடுவது வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்தே பார்த்திருக்கின்றன.

மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு வருமான வரிச் சட்டம் 2025 பொருந்தும். எண்கள் மாறுகின்றன; சம்பளத்தையும் தொழிலையும் பிரித்துப் பார்க்கும் அடிப்படை மாறவில்லை.

இலவசமாக மருத்துவம் பார்ப்பவருக்கு என்ன?

இதுவரை சொன்னது சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது.

ஓய்வுக்குப் பிறகு கட்டணம் வாங்கிச் சிகிச்சை அளிப்பவருக்குப் பதிவுச் செலவு கழிகிறது. ஊர்க் கோயில் மண்டபத்திலோ அறக்கட்டளை மருத்துவமனையிலோ ஒரு ரூபாய் வாங்காமல் ஏழைகளைப் பார்க்கும் ஓய்வுபெற்ற மருத்துவருக்குக் கழிவதில்லை. வருமானம் இல்லை, ஆகவே தொழில் இல்லை, ஆகவே செலவும் இல்லை. சட்டத்தின் தர்க்கம் இது. அதே பதிவு, அதே 30 மணி நேரப் பயிற்சி, அதே பொறுப்பு அவருக்கும் உண்டு. நோயாளியைத் தொட வேண்டுமானால் அவரும் பதிவைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, ஓய்வுபெற்ற மருத்துவர்கள் தன்னார்வலர்களாக முன்வர வேண்டும் என்று மத்திய அரசு அழைப்பு விடுத்தது. அந்த அழைப்புக்கு ஒருவர் உடனே போகக்கூடியவராக இருந்தார் என்றால், வருமானம் இல்லாத ஆண்டுகளிலும் அவர் தன் பென்ஷனிலிருந்து பதிவை உயிரோடு வைத்திருந்ததால்தான். நெருக்கடியில் நாடு எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சேமிப்புக்கு, அதுவரை செலவு செய்தவர் தனிமனிதர்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? பிரிட்டனில் வேலையில் இருக்கும் மருத்துவர், பொது மருத்துவ கவுன்சிலுக்குக் கட்டும் கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்தே கழிக்கலாம். அமெரிக்காவில் ஊழியர்கள் சொந்தச் செலவுகளைக் கழிக்கும் வசதி 2018-லிருந்து இல்லை. ஆனால், அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் படிப்பவருக்கு ‘வாழ்நாள் கற்றல்’ சலுகையாக ஆண்டுக்கு 2,000 டாலர் வரை வரியிலேயே குறைகிறது. வருமான வரம்பு உண்டு, வயது வரம்பு இல்லை, பட்டத்துக்காகத்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம், பிள்ளைகளின் கல்விக்காகச் சேர்த்த 529 கணக்குப் பணத்தைத் தொழில் சான்றைத் தக்கவைப்பதற்கான பயிற்சிக்கும் வரியின்றி எடுக்க வழி செய்தது. எந்த நாடும் முழுமையான தீர்வைக் கண்டுவிடவில்லை. ஆனால், திறமையைத் தக்கவைப்பது பொதுநலன் என்பதை அவை ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

நம் சட்டத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரியைப் பழைய முறையில் சம்பளத்திலிருந்தே கழிக்க அனுமதித்திருக்கிறோம். சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரு கட்டணத்தைச் சம்பளக்காரரும் கழிக்கலாம் என்ற கொள்கையை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதே இதன் பொருள். சட்டப்படி அமைந்த கவுன்சிலுக்குக் கட்டும் பதிவுக் கட்டணத்தையும், அந்தக் கவுன்சில் கட்டாயமாக்கும் பயிற்சிச் செலவையும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பென்ஷனிலிருந்து கழிக்க அனுமதிப்பது அந்தக் கொள்கையின் அடுத்த படி. ரசீது தருவது சட்டப்பூர்வ அமைப்பு என்பதால் முறைகேட்டுக்கு இடம் குறைவு. புதிய வரி முறையிலும் இது இடம்பெற வேண்டும். ஏனென்றால், இன்று இயல்பாகப் பொருந்துவது அந்த முறைதான். கவுன்சில்களும் தம் பங்குக்கு, கட்டணம் வாங்காமல் சேவை செய்யும் மூத்தவர்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம்.

மருத்துவ, செவிலியர், மருந்தாளுநர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் பட்ஜெட்டுக்கு முன் நிதி அமைச்சகத்துக்குக் கோரிக்கை மனு கொடுப்பது வழக்கம். அடுத்த மனுவில் இந்த ஒரு வரியையும் சேருங்கள். அதுவரை, அடுத்த புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டும் முன் உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: எனக்கு இந்த ஆண்டு வரி வருகிறதா? இந்தப் பதிவால் எனக்குத் தொழில் வருமானம் வருகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; கழிவு உங்கள் உரிமை. ‘இல்லை’ என்றால் கழிவைக் கேட்காதீர்கள். ஆனால், ஒருவருக்காவது உங்கள் கை தேவைப்படும்வரை பதிவைக் கைவிடாதீர்கள்.